குனிந்து பார்த்து வாங்குங்கள்!
கொச்சியில் ஒரு பழைய எஸ்.யூ.வி. தேடுகிறவர்களுக்கு

2025 செப்டம்பர் 22ஆம் தேதி கார்களுக்கான ஜி.எஸ்.டி. குறைந்தது. கொச்சி ஷோரூம்களில் புது வண்டிகளின் விலைப்பட்டியலை மாற்றிக்கொண்டிருந்த அதே வாரத்தில், மறுநாளே, பழைய வண்டிச் சந்தையில் இடி விழுந்தது. சுங்கத்துறையின் கொச்சித் தடுப்புப் பிரிவு ‘ஆபரேஷன் நும்கோர்’ என்ற பெயரில் கேரளம் முழுக்கச் சோதனை நடத்தி, முதல் நாளிலேயே 36 வண்டிகளைக் கைப்பற்றியது. லேண்ட் குரூசர், டிஃபெண்டர் என்று இளைஞர்கள் மொபைலில் வால்பேப்பராக வைத்துக்கொள்ளும் ரகங்கள். பூட்டான் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளை வரி கட்டாமல் எல்லை தாண்டிக் கொண்டுவந்து, இந்திய ராணுவம், தூதரகங்கள் பெயரில் போலி ஆவணம் தயாரித்து, வெளிமாநிலங்களில் பதிவு செய்து, கேரளத்தில் விற்றார்கள் என்பது சுங்கத்துறையின் குற்றச்சாட்டு. திரை நட்சத்திரங்களின் வீடுகள் வரை சோதனை போனது. ஆவணங்களைப் பார்த்து நம்பித்தான் வாங்கினோம் என்று உயர் நீதிமன்றத்துக்கு மனுவும் போனது.

நாம் தேடுவது டிஃபெண்டர் இல்லைதான். திங்கள் முதல் வெள்ளி வரை மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி, குண்டனூர், வைற்றிலா வழியாகக் காக்கநாட்டு ஆபீஸுக்கு ஊர்ந்து போக வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாமலக்கண்டம், ஆனக்குளம் பக்கம் காட்டுப் பாதையில் இறங்க வேண்டும். அதற்குச் சில வருடம் ஓடிய ஒரு வண்டி போதும். ஆனால் நும்கோர் காட்டிய பாடம் அந்தச் சின்ன வியாபாரத்துக்கும் பொருந்தும். ஆர்.சி. புத்தகம் பளபளப்பாக இருப்பதால் வண்டி சுத்தமாகிவிடாது. அதே மாதிரி, பெயின்ட் பளபளப்பாக இருப்பதால் அடிப்பாகம் சுத்தமாகிவிடாது. பழைய எஸ்.யூ.வி. வாங்கப் போகிற பலர் இன்ஜின், மைலேஜ், மியூசிக் சிஸ்டம் என்று கண்மட்டத்தில் இருப்பதையே பார்க்கிறார்கள். கொச்சியில் வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது முழங்காலுக்குக் கீழே இருக்கிறது.

முதலில் அகலம்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலை பத்து மணிக்கு வண்டி ஓட்டிப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. சாலையின் பாதியை மசாலா கோடவுனுக்கு வந்த லாரி பிடித்திருக்கும். மீதியில் சரக்கு ஆட்டோ, சாக்கு சுமப்பவர்கள், யூதத் தெருவுக்கு வழி கேட்கும் டூரிஸ்ட். இவர்கள் எல்லோரும் எப்படியாவது வழிவிட்டாலும், மட்டாஞ்சேரி ஆடுகள் விடாது.

ஆகவே கணக்கை மில்லிமீட்டரில் போடுங்கள். பழைய ஜிப்ஸி 1,540 அகலம். ஜிம்னி 1,645. இரண்டாம் தலைமுறை தார் 1,820; டஸ்டரும் கிட்டத்தட்ட அதே அளவுதான். ஃபார்ச்சூனர் 1,855. ஸ்கார்ப்பியோ-என் 1,917. ஜிப்ஸிக்கும் ஸ்கார்ப்பியோ-என்னுக்கும் நடுவே ஒன்றேகால் அடி வித்தியாசம். அந்த ஒன்றேகால் அடியில்தான் இந்த ஊரில் உங்கள் சைடு மிரரும் மன நிம்மதியும் இருக்கின்றன. இதே அகலம் காட்டுப் பாதையிலும் வந்து நிற்கும்: ஏலத்தோட்டத்து ஜீப் பாதைகள், பழைய வில்லிஸ் வம்சத்து ஜீப்புகளின் சக்கர இடைவெளிக்குத் தானாக உருவானவை. பெரிய வண்டி போகாது என்றில்லை. போகும், இரண்டு பக்கக் கதவிலும் ஈங்கை முள் கோடு போட்டுத் திருப்பி அனுப்பும்.

உப்பு எழுதும் சரித்திரம்

மலைக்குப் போன வண்டியைக் கண்டால் வாங்குகிறவர்கள் பயப்படுகிறார்கள். ‘ஆஃப்ரோடு அடிச்ச வண்டி’ என்று சொன்னாலே விலை இறங்கும். என் பார்வையில் அதைவிடச் சந்தேகப்பட வேண்டியது, மேற்குக் கொச்சியில் ஒரு வீட்டு வாசலில் பத்து வருடம் பத்திரமாக நின்ற ‘சிங்கிள் ஓனர், குறைந்த கிலோமீட்டர்’ வண்டி.

காரணம் உப்பு. மட்டாஞ்சேரி காயலோரம், மேற்கே இரண்டு கிலோமீட்டர் போனால் அரபிக்கடல். காற்றிலேயே உப்பு. அது போதாதென்று செல்லானம், கும்பளங்கி, இடக்கொச்சி, வைப்பின் பக்கங்களில் மழையே இல்லாத மார்கழி, தை மாதங்களில்கூட கடல் ஏற்றம் அதிகமான நாட்களில் காயல் வீட்டு முற்றத்துக்கு வந்துவிடும். வேலியேற்றம் என்பார்கள். மழை வெள்ளம் என்றால் வடிந்த பின் கழுவிவிடலாம். இது உப்பு நீர். கணுக்கால் அளவுதான் என்று யாரும் பொருட்படுத்துவதில்லை. வண்டியின் டயர் மட்டும் நனைந்ததாக நினைப்பார்கள். அந்த ஈரம் காய்ந்தபின் அடிச்சட்டத்தில் உப்பு படிவதையும், பிரேக் குழாயில் பூக்கும் துருவையும் யார் குனிந்து பார்க்கிறார்கள்?

எஸ்.யூ.வி.யில் இது கூடுதல் சிக்கல். தார், ஜிம்னி, ஜிப்ஸி, ஃபார்ச்சூனர் போன்றவை சேஸ் மேல் பாடி உட்காரும் வகை. அந்தச் சேஸ் நீளவாக்கில் உள்ளே வெற்றிடம் உள்ள பெட்டிச் சட்டம். மலைச் சேறு உள்ளே போய்த் தங்கும். கடற்கரை உப்பு அதோடு சேரும். வெளியே நல்ல இரும்பு, உள்ளே செதில் செதிலாகத் துரு.

அதனால் ஒரு டார்ச், ஒரு திருப்புளி, கீழே விரிக்க ஒரு பழைய பாய். முதலில் பின்சக்கரத்துக்கு மேலே சேஸ் வளைந்து ஏறும் இடத்தைப் பாருங்கள். சேறு அங்கேதான் அதிகம் தங்கும். அடுத்து பாடி உட்காரும் ரப்பர் தாங்கிகளைச் சுற்றி; ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேஸோடு சேரும் பிராக்கெட்டுகள்; பின் அச்சுக்குப் போகும் மெல்லிய பிரேக் குழாய். திருப்புளியின் கைப்பிடியால் சேஸைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடம் கணீரென்று பேசும். அரித்த இடம் சொத்தென்று கேட்கும், கூடவே உள்ளே துருத்தூள் உதிரும் சத்தமும் வரும். மேலோட்டமான செம்பழுப்புத் துருவைக் கண்டு மிரள வேண்டாம், இந்த ஊரில் அது இல்லாத வண்டி கிடையாது. மிரள வேண்டியது, விற்பனைக்கு முந்தைய வாரம் அடித்த புத்தம் புதிய கறுப்பு அண்டர்கோட்டிங்கைக் கண்டுதான். பழைய சைலன்சர் தாங்கிமேலும் நட்டுகள்மேலும் ஒரே சீராகக் கறுப்பு வழிந்திருந்தால், எதையோ மூடியிருக்கிறார்கள்.

நம்பர் பிளேட்டும் கொஞ்சம் பேசும். கே.எல். 43 என்றால் மட்டாஞ்சேரி, கே.எல். 68 தேவிகுளம், கே.எல். 44 கோதமங்கலம். விலையும் வயதும் ஒன்றானால் நான் முதலில் பார்க்கப் போவது தேவிகுளம் வண்டியை. பிளேட் சொல்வது வண்டி முதலில் பதிவான ஊரைத்தான், வாழ்ந்த ஊரை அல்ல. அதைச் சொல்வது சர்வீஸ் பில்கள்.

தண்ணீர் குடித்த வண்டி

2018 ஆகஸ்ட் வெள்ளத்தை 1924க்குப் பிறகு கேரளம் கண்ட பெரும் வெள்ளம் என்கிறார்கள். ஆலுவா, பறவூர், சாலக்குடி மூழ்கின. நெடும்பாசேரி விமான நிலையமே இரண்டு வாரம் மூடிக் கிடந்தது. மூழ்கிய வண்டிகளில் கணிசமானவற்றை இன்சூரன்ஸ் கம்பெனிகள் டோட்டல் லாஸ் என்று கணக்கு முடித்து ஏலம் விட்டன. அப்படிப்பட்ட வண்டி ரிப்பேராகிச் சாலைக்குத் திரும்புவது இந்தியா முழுக்க நடப்பது. 2015, 2023 சென்னை வெள்ளங்களைப் பார்த்த நமக்குப் புதிதில்லை. இன்று ‘2016 மாடல், நல்ல கண்டிஷன்’ என்று வரும் வண்டி 2018 ஆகஸ்டில் எங்கே நின்றது என்று கேட்பதில் தப்பே இல்லை.

விற்பவர் சொல்லாததைச் சீட் பெல்ட் சொல்லும். கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் செம்மண் கோடு தெரிந்தால் பேச்சே வேண்டாம். சீட்டைப் பின்னால் தள்ளி அதன் தண்டவாளத்தைப் பாருங்கள். மிதியடிக்குக் கீழே பஞ்சை அழுத்திப் பாருங்கள். டாஷ்போர்டுக்குக் கீழ் வயர் கனெக்டர்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி.யைப் போட்டதும் வரும் முதல் மூச்சு நாற்றத்தை எந்த வாசனைத் திரவியத்தாலும் முழுதாக மறைக்க முடியாது.

இன்னொரு சாட்சி காகிதத்தில் இருக்கிறது. பலரும் அதைப் புரட்டுவதில்லை. விற்பவரின் இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் அது 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ‘ஒரு கீறல்கூட விழாத வண்டி சார்’ என்று சொல்கிற எட்டு வருட வண்டியின் பாலிசியில் பூஜ்யமோ இருபதோ இருந்தால், சமீபத்தில் ஏதோ கிளெய்ம் ஆகியிருக்கலாம், அல்லது பாலிசி இடையில் காலாவதியாகியிருக்கலாம். எது என்று கேளுங்கள். அந்த போனஸ் வாங்குபவருக்கு மாறாது, அது விற்பவரோடு போய்விடும். ஆனால் அது சொல்லும் தகவல் உங்களுடையது.

அசையாத லீவர்

கொழுக்குமலைக்குப் போனவர்களுக்கு அந்தப் பயணம் முதுகெலும்பில் பதிந்திருக்கும். அந்தத் தேயிலைத் தோட்டம் தமிழ்நாட்டில், தேனி மாவட்டத்தில். 7,000 அடிக்கு மேல். ஆனால் வண்டி போகும் வழி கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். கல்லும் குழியுமான அந்த ஏற்றத்தில் தினமும் ஏறி இறங்குபவை பெரும்பாலும் மஹிந்திராவின் கமாண்டர், மேஜர் போன்ற பழைய ஜீப்புகள். கம்பம், போடியிலிருந்து மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் நம் ஆட்களைச் சுமப்பதும் இந்த இனம்தான். லீஃப் ஸ்பிரிங், கம்ப்யூட்டர் இல்லாத டீசல் இன்ஜின், எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்து மாட்டும் எளிமை.

இந்த ஜீப்புகள் ஏன் சாகாமல் ஓடுகின்றன? எளிய அமைப்பு பாதிக் காரணம். மீதி, ஃபோர் வீல் லீவர் தினமும் அசைகிறது, ஆயில் தவறாமல் மாறுகிறது. நகரத்து ஃபோர் பை ஃபோர் இதற்கு நேர் எதிர். வாங்கிய வாரம் ஒரு முறை லீவரைப் போட்டு வீடியோ எடுத்ததோடு சரி. டிரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே இருக்கும் ஃபோர்க்கும், முன் அச்சை இணைக்கும் ஆக்சுவேட்டரும் வருடக்கணக்கில் அசையாமல் இறுகிப் போகும். நீங்கள் வாங்கிக்கொண்டு வாகமண் சேற்றில் சிக்கிய பிறகு லீவரை இழுத்தால், டாஷ்போர்டில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், முன் சக்கரம் சும்மா இருக்கும்.

பார்க்கும்போதே சோதித்துவிடுங்கள், ஆனால் தார்ச் சாலையில் வேண்டாம். தார், ஜிம்னி, ஜிப்ஸியில் எல்லாம் நடு டிஃபரென்ஷியல் கிடையாது. நான்கு சக்கரத்தையும் பூட்டி உலர்ந்த சாலையில் வளைத்தால் பல்சக்கரங்கள் ஒன்றை ஒன்று முறுக்கும். ஃபோர்ட்கொச்சி பக்கம் ஏதாவது மணல் மைதானம், கட்டுமானம் நடக்கிற ஜல்லி மனை போதும். 4எச், 4எல் இரண்டும் தயங்காமல் விழ வேண்டும், எடுத்ததும் விட வேண்டும். பிறகு டிஃபரென்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். காப்பி நிறத்தில் பால் கலந்த மாதிரி இருந்தால் ஆற்று நீர் உள்ளே போயிருக்கிறது. ஆற்றைக் கடந்தவர் ஆயிலை மாற்றவில்லை.

டீசலா, பெட்ரோலா?

ஆஃப்ரோடு என்றாலே டீசல் என்ற நம்பிக்கைக்கு நியாயம் உண்டு. குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை. ஆனால் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு டீசல் வண்டிகளின் சைலன்சர் பாதையில் கரிப்புகையைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி வந்துவிட்டது. சேர்ந்த கரியை எரித்துச் சுத்தப்படுத்த அதற்கு நல்ல சூடு வேண்டும்; அதாவது நிற்காமல் கொஞ்ச நேரம் சீரான வேகம். தோப்பும்படி சிக்னலிலும் குண்டனூர் நெரிசலிலும் அது எங்கே கிடைக்கும்? தினசரி ஓட்டம் மட்டாஞ்சேரிக்கும் வெல்லிங்டன் தீவுக்கும் நடுவே மட்டும் என்றால் பி.எஸ்.6 டீசலை விட்டு விலகுங்கள். பி.எஸ்.4 டீசலுக்கு இந்தத் தலைவலி இல்லை, ஆனால் அதில் இளையதற்கே இப்போது ஆறு வயதுக்கு மேல். பெட்ரோல் பக்கம் 20 சதவீத எத்தனால் கலந்த இ20 என்ற புதுக் கேள்வி. 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகள் பெரும்பாலும் 10 சதவீத எத்தனாலுக்கு வடிவமைக்கப்பட்டவை; பழைய ஜிப்ஸி போன்றவற்றில் எரிபொருள் ரப்பர் ஹோஸ்களை வாங்கியதுமே மாற்றிவிடுவது நல்லது.

சரி, எந்த வண்டி?

ஜிம்னிதான் என் முதல் தேர்வு. 2023 ஜூனில் வந்தது, சுமார் 1,200 கிலோதான், லோ ரேஞ்ச் உண்டு, 1.5 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் மாருதியின் மற்ற கார்களிலும் ஓடுவது என்பதால் எந்த ஊரிலும் உதிரிபாகம். இங்கே ஷோரூமில் தேங்கித் தள்ளுபடியில் போன அதே ஐந்து கதவு வண்டி, 2025 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போனபோது நான்கே நாளில் 50,000 பேர் பதிவு செய்து, கம்பெனி ஆர்டரையே நிறுத்தி வைத்தது. நம் ஊருக்கு அது சின்ன வண்டியாகப் பட்டிருக்கிறது; பழையது வாங்குபவருக்கு அது லாபம். நெடுஞ்சாலையில் ஓவர்டேக் செய்யும்போது மட்டும் பொறுமை வேண்டும்.

தார் 2020 அக்டோபரில் புது உருவம் எடுத்தது. 226 மில்லிமீட்டர் தரை இடைவெளி, 650 மில்லிமீட்டர் ஆழம் வரை நீரில் இறங்கும் என்பது கம்பெனிக் கணக்கு. மலையில் அதற்கு நிகர் இந்த விலையில் குறைவு. ஆனால் 2023 ஜனவரி முதல் பின்சக்கர இழுவை மட்டும் உள்ள தாரும் விற்பனைக்கு வந்தது. வெளியே பார்த்தால் சட்டென்று வேறுபாடு தெரியாது. கியர் லீவருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேரம் ஆரம்பியுங்கள். சாஃப்ட் டாப் வாங்கிவிட்டு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் வாளி தேடாதீர்கள்.

டஸ்டர் ஏ.டபிள்யூ.டி. அதிகம் பேசப்படாத நல்ல வண்டி. 2014இல் வந்தது. லோ ரேஞ்ச் இல்லை, அதற்காக முதல் கியரைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். குழிச் சாலையில் அதன் சஸ்பென்ஷனுக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. ஆபீஸும் வாகமண்ணும் ஒன்றாக வேண்டும், கொழுக்குமலை வேண்டாம் என்பவருக்கு இது போதும். 2022இல் அந்தத் தலைமுறை நின்றுவிட்டது. நான்கு சக்கர இணைப்புக் கப்ளிங்கின் உதிரிபாகம் உள்ளூரில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். எண்டவர் பற்றியும் அதே கதை, இன்னும் பெரிய செலவில்: 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபார்ச்சூனர் விலை குறையாது, மட்டாஞ்சேரியில் நிறுத்த இடமும் கிடைக்காது. ஜிப்ஸி மேல் காதல் இருந்தால் வாங்குங்கள், ஆனால் இரண்டாவது வண்டியாக. ‘ராணுவ ஏலத்தில் எடுத்தது’ என்று யாராவது சொன்னால், ஏல ஆவணத்தை வழங்கிய அலுவலகம் வரை சரிபார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பூட்டான் விவகாரத்துக்குப் பிறகு இதை விளக்க வேண்டியதில்லை. 20 வயது தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணத்தையும் 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 10,000 ரூபாய் ஆக்கிவிட்டது.

பெரிய டயர், உயரத் தூக்கிய சஸ்பென்ஷன், முன்னால் இரும்பு பம்பர் என்று ‘ரெடி டு ஆஃப்ரோடு’ வண்டிகள் வரும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அம்சங்களை மாற்றக்கூடாது என்று தீர்ப்பளித்தது. கேரள மோட்டார் வாகனத் துறை அதை அமல்படுத்துவதில் கறார். முந்தைய ஓனரின் ஆசைக்கு நீங்கள் அபராதம் கட்ட வேண்டாம். வண்டியை ஒரிஜினல் நிலைக்குத் திருப்பித் தரச் சொல்லுங்கள், அல்லது அந்தச் செலவை விலையில் கழியுங்கள்.

காகித வேலை சுருக்கம்தான். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ஓனர், இன்சூரன்ஸ், கடன், நிலுவைச் செலான் தெரியும். ஆனால் நும்கோரில் திரையில் தெரியும் பதிவே கேள்விக்குள்ளானது. ஆகவே சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் நீங்களே வண்டியில் தேடிப் படித்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள், அதே சேஸ் நம்பரைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்துப் பழைய பில்களைக் கேளுங்கள். வெளிமாநில வண்டி என்றால் என்.ஓ.சி. வேண்டும், கேரள வரி தனி. பத்து வருட டீசல் வண்டிகளுக்கு இருந்த தடையால் டெல்லியிலிருந்து மலிவாக இறங்கும் எஸ்.யூ.வி.க்களில் அந்த வரியையும் கூட்டிப் பார்த்தால் மலிவு பாதியாகிவிடும். ஜி.எஸ்.டி. குறைந்து புது வண்டி விலை இறங்கிய பிறகும் பழைய விலையையே சொல்கிற புரோக்கர்கள் இருக்கிறார்கள். அதே மாடலின் இன்றைய ஆன்ரோடு விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு ஒரு வழி சொல்கிறேன். காலையிலேயே போங்கள், பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். பஜார் ரோட்டில் ஒரு முறை மெதுவாக, கிளட்ச் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க. அங்கிருந்து பாலங்கள் தாண்டிக் கண்டெய்னர் ரோட்டுக்கு. நேரான அந்தச் சாலையில் 80க்கு மேல் ஸ்டீயரிங் உதறினால் முன் அச்சில் வேலை இருக்கிறது. கடைசியாக, விற்பவர் சிபாரிசு செய்யாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கிப் பார்க்க ஒரு மணி நேரம் கேளுங்கள். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை என்றால் முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போங்கள். ஜிம்னியும் தாரும் இந்த ஊரில் அடுத்த வாரமும் விற்பனைக்கு வரும்.